திருநெல்வேலியிலிருந்து புறப்பட்ட 60 பைட்

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை நீண்டது. அந்த நாட்களைப் பற்றிப் பேசினால் யாழ்ப்பாணத்தில் பலருக்கு மண்ணெண்ணெய் வரிசையும் காஸ் வரிசையும்தான் முதலில் ஞாபகம் வரும். கணினியோடு வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் வரும்: கறண்ட் நின்ற கணத்தில் அப்படியே உறைந்துபோன திரை. மடிக்கணினியில் பற்றரி இருக்கும். வீட்டு றவுட்டர் அணைந்திருக்கும். நேரம் போகப்போகத் தொலைபேசிக் கோபுரத்தின் பற்றரியும் தீரும். கொடுத்த கட்டளை முடிந்தது என்றும் வராது, பிழை என்றும் வராது. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது?

இந்தக் கேள்விக்குக் கணினிக்குள்ளே ஒரு விடை இருக்கிறது. அதைச் சில பேர் பல வருடங்கள் உழைத்து எழுதினார்கள். அவர்கள் செய்ததைப் புரிந்துகொள்ள, ஒரேயொரு செய்தியின் பின்னால் நடந்து போய்ப் பார்க்கலாம்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு மாணவர். கொழும்பில் ஒரு லினக்ஸ் சேர்வர். அதற்குள், மென்பொருளாகவே ஓடும் பல மெய்நிகர் கணினிகள். அவற்றில் ஒன்றுக்கு ஆங்கிலத்தில் ஏழு எழுத்துப் பெயர், 'பல்மைரா'. அதை அணைக்க வேண்டும். மாணவர் 'வேர்ஷ்' என்ற சிறு நிரலில் அணைக்கும் கட்டளையைத் தட்டுகிறார். வேர்ஷ் அதை லிப்வேர்ட் என்ற நூலகத்திடம் கொடுக்கிறது.

லிப்வேர்ட் 2005 டிசம்பரில் முதன்முதலாக வெளியானது. தொடங்கியவர் டானியேல் வெயார், அப்போது றெட் ஹற் நிறுவனத்தில் இருந்தவர். லிப்எக்ஸ்எம்எல் நூலகத்தை எழுதியவரும் அவரே. மெய்நிகர் கணினிகளை ஓட்ட அன்றைக்கு சென் இருந்தது, பப்ரிஸ் பெலார் 2003-இல் வெளியிட்ட கியூஎமு இருந்தது, 2007 பெப்ரவரியில் லினக்ஸ் 2.6.20-உடன் கேவிஎம்மும் வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஷை. அவை எல்லாவற்றையும் ஒரே விதமாகக் கையாள ஒரு நூலகம் வேண்டியிருந்தது. 2007 யூலையில் ரிச்சர்ட் ஜோன்ஸின் வேலையால் தொலைவிலிருக்கும் சேர்வரையும் லிப்வேர்ட் ஆளத் தொடங்கியது. நமது செய்தி தொலைவு போகப் பழகியது அன்றைக்குத்தான்.

செய்தியின் உடம்பைப் பார்ப்போம். முதல் 4 பைட், மொத்த நீளம். அடுத்த 24 பைட், நாலு நாலாக ஆறு எண்கள்: எந்த நெறிமுறை, எந்தப் பதிப்பு, எந்த வேலை, கேள்வியா பதிலா, தொடர் எண், நிலை. நெறிமுறையின் எண் பதினாறடிமானத்தில் 20008086. கடைசி நாலு இலக்கமும் இன்ரெலின் பழைய 8086 சில்லை ஞாபகப்படுத்தும். பிறகு பெயருக்கு 12 பைட், அடையாள எண்ணுக்கு 16, ஓடும் எண்ணுக்கு 4. கூட்டினால் 60. மறைகுறியாக்கம் மேலே சேர்க்கும் பைட்டுகள் இந்தக் கணக்கில் இல்லை.

இந்த ஆறு எண்களில் தொடர் எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரே இணைப்பில் பல கேள்விகள் போகலாம், பதில்கள் முன்பின்னாக வரலாம். எந்தப் பதில் எந்தக் கேள்விக்கு என்று சொல்வது அந்த எண்தான். முதலில் கேட்டவருக்கே முதலில் பதில் என்ற கட்டாயம் அதனால் நீங்கியது.

செய்தி புறப்படும் வாசல் சொக்கெற். 1983 ஓகஸ்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகம் வெளியிட்ட யுனிக்ஸ், 4.2பிஎஸ்டி, அதை உலகுக்குக் கொடுத்தது. வாசிக்கக் கேட்டால், தரவு வந்திருந்தால் இயங்குதளத்தின் மையமான கேர்னல் உடனே கொடுக்கும். வராவிட்டால் கேட்ட நிரலை உறங்க வைத்துவிடும். தரவு வந்த பிறகுதான் எழுப்பும். எழுதும்போதும் அப்படியே: வெளியே போகும் தாங்ககம் நிறைந்திருந்தால் இடம் கிடைக்கும்வரை உறக்கம். இதைத்தான் புளொக்கிங் என்கிறார்கள்.

அன்றைக்கு அது சரியான முடிவு. ஒரு உரையாடலுக்கு ஒரு நிரல் என்று இருந்த காலத்தில், காத்திருக்கும் நிரல் உறங்கினால் யாருக்கும் நட்டமில்லை; நிரலும் மேலிருந்து கீழாக நேராக எழுதலாம், வாசிக்கலாம். ஒரே நிரல் நூறு பேருடன் பேச வேண்டி வந்தபோதுதான் சிக்கல். ஒருவரிடம் கேட்டுவிட்டு உறங்கினால் மற்ற 99 பேரும் நிற்பார்கள். அதற்கும் வழி இருந்தது. சொக்கெற்றை உறங்காத முறைக்கு மாற்றலாம். அப்போது தரவு இல்லாவிட்டால் 'இப்போது இல்லை, பிறகு பார்' என்று பொருள்படும் பிழை எண் உடனே திரும்பி வரும். ஆனால் அதை மட்டும் செய்தால் நிரல் ஓயாமல் கேட்டுக் கேட்டுச் செயலியைத் தின்றுவிடும். ஆகவே எந்தச் சொக்கெற்றில் தரவு வந்திருக்கிறது என்று பலவற்றை ஒன்றாகப் பார்த்துச் சொல்லும் செலெக்ற் அழைப்பையும் அதே 4.2பிஎஸ்டியில் வைத்தார்கள். பின்னர் 'போல்' என்ற அழைப்பு வந்தது. லினக்ஸில் 2002-இல் ஈபோல் வந்தது. இவ்வளவு வந்த பிறகும், இன்று நீங்கள் திறக்கும் புதுச் சொக்கெற் 1983-இல் போலவே உறங்கும் முறையில்தான் பிறக்கிறது. மாற்ற வேண்டியது எழுதுகிறவர் பொறுப்பு.

லிப்வேர்ட் எடுத்த வழி எனக்குப் பிடித்தமானது. வெளியே பார்த்தால் அதன் அழைப்புகள் எல்லாம் காத்திருப்பவை: 'அணை' என்று அழைத்தால் பதில் வந்த பிறகே அழைப்புத் திரும்பும். உள்ளே சொக்கெற் உறங்காத முறையில் இருக்கும். அதனால் நூலகத்தைப் பாவிக்கிறவர் நேரான நிரல் எழுதலாம். கஷ்டம் முழுவதும் நூலகத்தின் தலையில்.

அந்தக் கஷ்டத்தை அவர்கள் தாங்கிய விதத்தைச் சொல்ல வேண்டும். ஒரு நிரலுக்குள் தனித்தனியே ஓடும் கிளைகளான ஐந்து திரெட்டுகள் ஒரே இணைப்பில் கேள்வி அனுப்பியிருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தும் சொக்கெற்றைப் பார்த்துக்கொண்டு நின்றால் ஒன்றின் பதிலை மற்றொன்று பறித்துவிடும். ஆகவே ஒன்று மட்டும் சொக்கெற்றைப் பார்க்கும், மற்றவை உறங்கும். கடற்கரை வாடியில் ஒருவர் விழித்திருக்க மற்றவர்கள் படுத்திருப்பதைப் போல. விழித்திருக்கும் திரெட்டுக்கு வேறொருவரின் பதில் வந்தால் தொடர் எண்ணைப் பார்த்து அவரை எழுப்பிக் கொடுக்கும். தன் பதில் வந்துவிட்டால் உறங்குகிற இன்னொன்றை எழுப்பிக் காவலை ஒப்படைத்துவிட்டுப் போகும். காவல் நடக்கும்போது ஆறாவது திரெட் புதுக் கேள்வியுடன் வந்தால், தன் செய்தியை வரிசையில் வைத்துவிட்டு, காவலில் இருப்பதற்கு ஒரு சிறு குழாய் வழியே ஒரு பைட் எழுதும். காவல் போலிலிருந்து விழித்துப் புதுச் செய்தியையும் அனுப்பிவிட்டு மறுபடி பார்க்கத் தொடங்கும். மூல நிரலில் இந்தப் பகுதிக்கு எழுதியிருக்கும் குறிப்புகள் நீளமானவை, பொறுமையானவை. கணினி விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் ஒரு பின்னேரம் இருந்து வாசிக்கத் தகுந்தவை.

இனி வயர். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் வீதிவழி ஏறத்தாழ 400 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு கிலோமீற்றரை 5 மைக்ரோ செக்கனில் கடக்கும். அந்தக் கணக்கில் நமது செய்திக்கு 2 மில்லிசெக்கன் போதும். நடுவிலிருக்கும் கருவிகள் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவே. நல்ல நாளில் மாணவர் விரலை எடுக்குமுன் பதில் வந்துவிடும்.

கெட்ட நாளில், செய்தி போய்ச் சேர்ந்து பதில் வருமுன் றவுட்டர் அணைந்துவிடுகிறது. இங்கேதான் சொக்கெற்றின் பெரிய குறை தெரிகிறது. எதிர்ப்பக்கம் ஒழுங்காகக் கதவைச் சாத்தினால், இணைப்பைக் கவனிக்கும் ரிசிபி நெறிமுறை அதற்கென ஒரு பொதி அனுப்பும். மின்சாரம் நின்று அணைந்த கருவி எந்தப் பொதியையும் அனுப்பாது. மடிக்கணினியின் கேர்னலுக்குத் தெரிந்தவரை இணைப்பு உயிரோடு இருக்கிறது. அனுப்ப வேண்டியதை அனுப்பியாயிற்று, அது சேர்ந்ததாக உறுதியும் வந்துவிட்டது, இனி வாசிக்க வேண்டியதுதான். அந்த வாசிப்பு எத்தனை நாளானாலும் காத்திருக்கும்.

கேர்னல் தானாகப் பரிசோதிக்காதா என்று கேட்கலாம். ரிசிபிக்கு உயிர்ச்சோதனை வசதி உண்டு. நிரல் கேட்டால்தான் அது இயங்கும். கேட்டாலும், லினக்ஸ் வழக்கமாக 7200 செக்கன் அமைதிக்குப் பிறகே முதல் சோதனையை அனுப்பும். பிறகு 75 செக்கனுக்கு ஒன்றாக 9 சோதனை. ஆக 2 மணி 11 நிமிடம் 15 செக்கன். செய்தி சேர்ந்ததற்கு உறுதி வராமல் வயர் அறுந்திருந்தால் கதை வேறு: திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்து ஏறத்தாழ 15 நிமிடத்தில் கேர்னல் கைவிடும். இந்த இலக்கங்கள் வயர் அடிக்கடி அறுகிற ஊர்களை மனதில் வைத்துத் தேர்ந்தவை அல்ல. இரண்டு மணி நேரம் என்பது ஒரு மின்வெட்டு முழுவதும் போய் வரக்கூடிய நேரம்.

லிப்வேர்ட் 2011 டிசம்பரில் வந்த 0.9.8 பதிப்பில் தன் சொந்த உயிர்ச்சோதனையைக் கொண்டுவந்தது. செய்தியின் தலைப்பகுதி மட்டும் கொண்ட 28 பைட் 'இருக்கிறாயா' ஒன்று போகும், 28 பைட் 'இருக்கிறேன்' ஒன்று வரும். சேர்வர் பக்கத்து வழக்கமான அமைப்பில் 5 செக்கன் அமைதிக்கு ஒரு கேள்வி. 5 கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் கடைசிச் செய்தி வந்ததிலிருந்து ஏறத்தாழ 30 செக்கனில் இணைப்பை மூடிவிடும். இதைக் கேர்னலிடம் விடாமல் தாங்களே செய்ததில் இன்னொரு நன்மை உண்டு. எஸ்எஸ்எச் என்ற மறைகுறியாக்கிய சுரங்கம் வழியாகப் போகும்போது ரிசிபி சோதனை எஸ்எஸ்எச் நிரலின் சொக்கெற்றை மட்டுமே பார்க்கும். லிப்வேர்ட்டின் கேள்வியோ சுரங்கத்துக்குள்ளே புகுந்து மறுமுனையில் இருக்கும் லிப்வேர்ட் சேவையையே கேட்கும்.

இரண்டு மணி நேரம் அரை நிமிடமானது. நான் இதைச் சின்ன வேலை என்று நினைக்கவில்லை.

ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இணைப்பு மூடிய பிறகு மாணவருக்குக் கிடைப்பது பிழைச்செய்தி; விடை அல்ல. பல்மைரா அணைந்ததா இல்லையா? செய்தி கொழும்பு போய்ச் சேர்ந்துவிட்டதால் வேலை நடந்தே இருக்கலாம். பதில்தான் வழியில் தொலைந்தது. அணைக்கும் கட்டளையை இரண்டாம் முறை கொடுத்தால் கேடு இல்லை. புதிதாக ஒன்றை உருவாக்கும் கட்டளையாக இருந்தால்? கண்ணை மூடிக்கொண்டு திருப்பிக் கொடுக்காமல், மீண்டும் இணைந்ததும் முதலில் நிலையைக் கேட்டுப் பார்க்கிற நிரலே நம்பத்தகுந்தது. தானாக மறுமுறை முயலும் நிரல்களை எழுதுகிறவர்கள் பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

செய்தி கொழும்பில் என்ன ஆனது? அங்கே ஒரு நிகழ்வுச் சுழல் எல்லாச் சொக்கெற்றுகளையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. அது எந்த வேலையையும் தானே செய்வதில்லை. 60 பைட்டும் வந்து முடிந்ததும் செய்தியை வேலைத் திரெட்டுகளின் வரிசையில் போடும். வழக்கமாக 5 திரெட். தேவைப்பட்டால் 20 வரை கூடும். இவை உறங்கலாம், உறங்குவதற்கென்றே இவை இருக்கின்றன. சுழல் மட்டும் உறங்கக்கூடாது.

அந்த இருபதும் உறங்கிவிட்டால்? சேமிப்பகம் தொங்கி, மெய்நிகர் கணினிகள் பல ஒன்றாகப் பதில் சொல்லாமல் போகும் நாளில் அதுதான் நடக்கும். அதற்கென்று தனியாக 5 திரெட்டை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். காத்திருக்க நேராது என்று உறுதியான வேலைகளை மட்டுமே அவை எடுக்கும். அவற்றில் முக்கியமானது ஒரு மெய்நிகர் கணினியைப் பலவந்தமாக நிறுத்துவது. எல்லோரும் சிக்கிக் கிடக்கும்போது சிக்கலை அவிழ்க்கும் கட்டளைக்கு ஒரு வழி திறந்தே இருக்க வேண்டும் என்று யோசித்தவருக்கு, நள்ளிரவில் சேர்வரோடு மாரடித்த அனுபவம் நிச்சயம் இருந்திருக்கும்.

கடைசிக் கட்டம் கியூஎமுவின் வாசல். பல்மைரா ஓடுவது ஒரு கியூஎமு நிரலாக; லிப்வேர்ட் அதனுடன் இன்னொரு சொக்கெற்றில், ஜேசன் வடிவத்தில் பேசுகிறது. முன்பு இந்தப் பேச்சு முடியும்வரை பூட்டைக் கையில் பிடித்தபடியே லிப்வேர்ட் நின்றது. அதனால் பதில் தராத ஒரு மெய்நிகர் கணினி மற்றவற்றின் வேலையையும் நிறுத்திவிட்டது. 2009 இறுதியில் அந்தப் பகுதியைத் திருத்தி எழுதினார்கள். இப்போது கியூஎமு பதில் சொல்லும்வரை பூட்டை விட்டுவிட்டே காத்திருக்கிறது. 2020-இல் ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் தனிச் சுழலும் தனித் திரெட்டும் கொடுத்தார்கள். ஒரே மெய்நிகர் கணினியிடம் இரண்டாவது கட்டளை வந்தால் அது 30 செக்கன் பொறுத்துப் பார்த்து, முறை வராவிட்டால் பிழையோடு திரும்பும்.

நமது செய்தியின் சாரம் அங்கே ஒரு மின்பொத்தானை அழுத்துவதாக மாறுகிறது. கியூஎமு 'சரி' என்றதும் பதில் புறப்பட்டுவிடும்; உள்ளே ஓடும் இயங்குதளம் அந்தப் பொத்தானுக்கு மரியாதை கொடுக்குமா என்பது வேறு விஷயம். பதிலோ திருநெல்வேலிக்கு வர வழியின்றிச் சேர்வரின் தாங்ககத்தில் கிடக்கிறது. சேர்வர் பக்கச் சொக்கெற்றும் உறங்காத முறையில் இருப்பதால் யாரும் அங்கே மாட்டிக்கொள்வதில்லை. 30 செக்கனில் உயிர்ச்சோதனை அந்த இணைப்பையும் துடைத்துவிடும்.

லிப்வேர்ட்டின் மேல் கட்டியவர்களுக்கும் இதே தலைவலி இருந்தது. 2010 யூலையில் நாசாவும் றக்ஸ்பேசும் தொடங்கிய ஓப்பன்ஸ்ராக்கில் நோவா என்ற பகுதி மெய்நிகர் கணினிகளைக் கவனிக்கிறது. அது பைதனில், ஈவென்ற்லெற் என்ற நூலகத்தைக் கொண்டு எழுதப்பட்டது: ஒரே திரெட்டுக்குள் பல பசுமைத் திரெட்டுகள், ஒன்று காத்திருக்கும்போது மற்றொன்று ஓடும். ஈவென்ற்லெற் பைதனின் சொக்கெற்றுகளைத் தன் வசப்படுத்தும். ஆனால் லிப்வேர்ட் சி மொழி நூலகம். அதன் காத்திருப்பு ஈவென்ற்லெற்றின் கண்ணுக்குத் தெரியாது. ஒரு லிப்வேர்ட் அழைப்பு தாமதித்தால் நோவாவே அசையாமல் நின்றது. லிப்வேர்ட் இணைப்பை உண்மையான திரெட்டுகளின் குளத்துக்குள் தள்ளித்தான் அதைத் தீர்த்தார்கள். அந்தக் குளத்தின் வழக்கமான அளவும் 20. அவையும் நிறைந்தால் பழைய கதைதான்.

இலங்கைக்கு இந்தப் பிரச்சினை அந்நியமில்லை. 2003-இல் உருவான லங்கா சொவ்ற்வெயார் பவுண்டேஷனும், 2005-இல் சஞ்ஜீவ வீரவர்ண முதலானோர் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனமும் அப்பாச்சி திறந்த மூலத் திட்டங்களில் இலங்கையரைச் சேர்த்தன. செய்திகளை வாங்கி வேறிடம் அனுப்பும் அப்பாச்சி சினாப்ஸில், ஒரு இணைப்புக்கு ஒரு திரெட் என்று வைத்தால் தாமதமாகப் பதில் தரும் ஒரு சேவை மொத்தத் திரெட்டுகளையும் பிடித்துவைத்துவிடும். அதற்காக உறங்காத சொக்கெற்றில் இயங்கும் எச்ரிரிபி போக்குவரத்தை எழுதியவர் அசங்க பெரேரா. 2007-இல் வந்த சினாப்ஸ் 1.0-இல் அது இருந்தது. மெய்நிகராக்கத்திலிருந்து அது வேறான துறை; தீர்த்த கணக்கு ஒன்றே.

ஆகவே யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் படிக்கிற பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். வேர்ஷ் உயிர்ச்சோதனையைத் தானாகவே இயக்கிக்கொள்ளும். நீங்கள் பைதனில் எழுதும் நிரலில் அது தானாக வராது: இணைப்பைத் திறக்குமுன் நிகழ்வுச் சுழலைப் பதிவு செய்யுங்கள், அதை ஒரு தனித் திரெட்டில் ஓடவிடுங்கள், பிறகு உயிர்ச்சோதனையின் இடைவெளியையும் எண்ணிக்கையையும் குறிப்பிடுங்கள். பரிசோதிக்கும்போது சேர்வரை ஒழுங்காக நிறுத்திப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். அப்போது மூடும் பொதி வந்துவிடும், எல்லாம் நன்றாகத்தான் தெரியும். தீச்சுவரில் பொதிகளைச் சத்தமில்லாமல் கைவிடும் விதியைப் போட்டு, அழைப்பின் நடுவே வயரை அறுத்துப் பாருங்கள். நம்முடைய வயர்கள் எப்படி அறுகின்றன என்பது நமக்குத் தெரியும். வயர் அறாத ஊர்களில் இருந்து எழுதுகிறவர்களுக்கு அது தெரிய வாய்ப்புக் குறைவு. அரை நிமிடத்துக்கு மேல் உங்கள் நிரல் தொங்கினால், அது நடந்த விதத்தை முழுமையாகக் குறித்து லிப்வேர்ட் திட்டத்துக்கு எழுதி அனுப்புங்கள்.